வருகைக்குத் தேதி குறிக்கும் கணக்கு எப்படிப் போடப்படுகிறது, எங்கே உடைகிறது?

2025 செப்டம்பர் 23, 24 தேதிகளில் இயேசுவின் இரகசிய வருகை நடக்கும் என்று தென் ஆப்பிரிக்காவைச் சேர்ந்த ஒருவர் யூடியூப் பேட்டியில் சொன்னார். டிக்டாக் அதை உலகம் முழுக்கப் பரப்பியது. இரண்டு நாளும் கடந்தன. ஜூலியன் நாட்காட்டிப்படி பார்த்தால் அக்டோபர் தொடக்கம்தான் சரியான நாள் என்று தேதி நகர்ந்தது, அதுவும் கடந்தது. அதே ஆண்டு ஜூனில் இஸ்ரேலும் ஈரானும் பன்னிரண்டு நாள் மோதிக்கொண்டபோது, இஸ்ரேல்மேல் பல நாடுகள் திரண்டு படையெடுத்துவரும் என்று சொல்லும் எசேக்கியேல் 38 நிறைவேறுகிறது என்ற பேச்சு ஒரு பக்கம் ஓடியது.

இவற்றை நம்பலாமா என்று கேட்பவர்களும் கேலி செய்பவர்களும் ஒரு விஷயத்தைப் பார்ப்பதில்லை. வருகையை நம்புவது வேறு, வருகைக்குத் தேதி போடுவது வேறு. முதலாவது கிறிஸ்தவ விசுவாசத்தின் அடிப்படைகளில் ஒன்று. இரண்டாவது ஒரு கணக்கு. கணக்கென்றால் உள்ளே எதைப் போட்டார்கள், எங்கே வளைத்தார்கள் என்று திறந்து பார்க்கலாம். அதற்கு முன் சில சொற்களைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

சொற்கள்

1. கடைசி நாட்கள். நாளைக்கோ அடுத்த ஆண்டோ தொடங்கப்போகிற காலம் என்றே பலரும் நினைக்கிறார்கள். புதிய ஏற்பாடு அப்படிச் சொல்லவில்லை. எபிரெயர் 1:2, தேவன் "இந்தக் கடைசி நாட்களில்" குமாரன் மூலமாய்ப் பேசினார் என்கிறது. பெந்தெகொஸ்தே நாளில் பேதுரு யோவேலின் வசனத்தை எடுத்து, அது இப்போதே நடந்தேறுகிறது என்கிறார் (அப்போஸ்தலர் 2:16). ஆக, இந்தக் கணக்கில் கடைசி நாட்கள் தொடங்கி ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகள் ஆகின்றன. "நாம் கடைசி நாட்களில் இருக்கிறோம்" என்பது சரியான வாக்கியம்தான். ஆனால் அதிலிருந்து எந்தத் தேதியும் கிடைக்காது.

2. இரகசிய வருகை, பகிரங்க வருகை. கிறிஸ்து முதலில் யாருக்கும் தெரியாமல் வந்து விசுவாசிகளை எடுத்துக்கொள்வார், பிறகு எல்லாருடைய கண்ணும் காண வருவார் என்ற இரண்டு கட்டப் பிரிவு. இதற்கு முக்கிய ஆதாரமாகக் காட்டப்படுவது 1 தெசலோனிக்கேயர் 4:16, 17. பிற சபைகள் அதே வசனத்தை, ஊருக்கு வருகிற அரசனை வெளியே போய் எதிர்கொண்டு அழைத்துவருவதாக, ஒரே வருகையாக வாசிக்கின்றன.

3. மகா உபத்திரவம். இரண்டு வருகைகளுக்கும் இடையே வைக்கப்படும் ஏழு ஆண்டு. இந்த "ஏழு", வெளிப்படுத்தின விசேஷத்தில் ஏழு ஆண்டு என்று எங்கும் எழுதப்படவில்லை. தானியேல் 9-இன் கடைசி வாரத்திலிருந்து எடுத்தது. இது பின்னால் முக்கியமாகும்.

4. ஆயிர வருட அரசாட்சி. வெளிப்படுத்தின விசேஷம் 20-இல் மட்டும் வருவது. அந்த ஆயிரம் ஆண்டுக்கு முன்பே கிறிஸ்து வருவார் என்பது ஒரு நிலை. சபையின் பணியால் உலகம் நற்செய்திக்கு இணங்கிய ஆயிரம் ஆண்டுக்குப் பிறகு வருவார் என்பது இன்னொன்று. ஆயிரம் என்பது ஆண்டுக் கணக்கல்ல, கிறிஸ்துவின் முதல் வருகைக்கும் இரண்டாம் வருகைக்கும் இடைப்பட்ட முழுக் காலமே அது என்பது மூன்றாவது; அகஸ்டின் காலம் முதல் மேற்குலகச் சபையில் நிலைத்தது இதுதான்.

நம் ஊரில் யார் எந்தப் பக்கம்? கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி ஏடு, வரலாற்றுக்குள்ளேயே மெசியாவின் அரசை எதிர்பார்க்கும் ஆயிர வருடக் கொள்கையை மறுக்கிறது. லுத்தரன் சபைகள் ஏற்கும் 1530-ஆம் ஆண்டின் அவுக்ஸ்பர்க் அறிக்கை, 17-ஆம் பிரிவில் அதைத் தள்ளுகிறது. பிரதரன் சபைகளும் பெரும்பாலான பெந்தெகொஸ்தே சபைகளும் முதல் நிலையை இரகசிய வருகையோடு சேர்த்துப் போதிக்கின்றன. சி.எஸ்.ஐ.யில் கட்டாயக் கோட்பாடு ஏதும் இல்லை. ஒரே ஆலயத்தில் ஆயர் ஒரு மாதிரியும், ஜெபக்குழு நடத்துபவர் வேறு மாதிரியும் பேசுவது சகஜம். எல்லாருக்கும் பொதுவாக இருப்பது விசுவாசப் பிரமாணத்தின் ஒரே ஒரு வரி: உயிருள்ளோரையும் மரித்தோரையும் நியாயந்தீர்க்க அவர் வருவார் என்பது. தேதி போடும் வேலை பெரும்பாலும் முதல் நிலைக்குள்தான் நடக்கிறது. ஆனால் அந்த நிலையில் இருப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் தேதி போடுவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இரண்டு கட்ட வருகை வந்த வழி

அயர்லாந்தில் 1830-களின் தொடக்கத்தில் பவர்ஸ்கோர்ட் மாளிகையில் தீர்க்கதரிசன மாநாடுகள் கூடின. பிரதரன் இயக்கத்தின் முன்னோடிகளில் ஒருவரான ஜான் நெல்சன் டார்பி இரண்டு கட்ட வருகையை ஓர் ஒழுங்கான கட்டமைப்பாக வளர்த்தது அந்த ஆண்டுகளில்தான். 1909-இல் ஸ்கோஃபீல்ட் குறிப்புகளோடு வேதாகமம் அச்சானபோது, அந்தக் கட்டமைப்பு வசனத்துக்குக் கீழேயே அடிக்குறிப்பாக ஏறியது. ஒரே பக்கத்தில் மேலே வசனம், கீழே விளக்கம். பலருக்கு இரண்டும் ஒன்றாகிப்போனதில் வியப்பில்லை.

தமிழ்நாட்டுக்கு அது வந்துசேர 1909 வரை காத்திருக்கவில்லை. பிரதரன் முன்னோடி அந்தோணி நாரிஸ் குரோவ்ஸ் 1833-இல் இந்தியா வந்தார். அவரோடு பழகியவர், பாளையங்கோட்டையில் மிஷனரி ரேனியஸிடம் படித்த ஜான் கிறிஸ்தியான் அருளப்பன். ஸ்ரீவில்லிபுத்தூர் அருகே 1840-இல் கிறிஸ்தியான்பேட்டையை நிறுவியவர் அவர்தான். 1860-இல் அங்கே எழுந்த எழுப்புதல் அடுத்த பத்தாண்டுகளில் திருவிதாங்கூருக்கும் பரவியது. அங்கே தமிழ்ப் பிராமணக் குடும்பத்திலிருந்து கிறிஸ்தவரான ஜஸ்டஸ் ஜோசப்பின் கூட்டத்தார் 1881-இல் கிறிஸ்து வருவார் என்று காத்திருந்து ஏமாந்தார்கள். தேதி குறிப்பது அமெரிக்காவிலிருந்து நேற்று இறக்குமதியான பழக்கம் என்று நினைப்பவர்கள் இந்தக் கிளைக்கதையையும் கவனிக்கலாம்.

ஒரு தேதியின் நான்கு உறுப்புகள்

எந்தக் கணக்கை எடுத்தாலும் உள்ளே இந்த நான்கும் இருக்கும்.

1. தொடக்க நாள்: ஓர் அரச கட்டளை, ஜலப்பிரளயம், சிலுவை மரணம், 1948-இல் இஸ்ரேல் நாடு உருவானது போன்ற ஒன்று.
2. நீளம்: 2300, 490, 1260, 7000 போன்ற எண்.
3. அலகு: ஒரு நாள் என்பது ஒரு நாளா, ஓர் ஆண்டா, ஆயிரம் ஆண்டா?
4. ஒட்டு: கிடைத்த ஆண்டுக்குள் குறிப்பிட்ட நாளைப் பிடிக்க ஒரு யூதப் பண்டிகை, அல்லது அந்த நேரத்துச் செய்தி.

கூட்டல், கழித்தல் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். பிழை கூட்டலில் இல்லை, இந்த நான்கில் எதை எடுப்பது என்ற தேர்வில் இருக்கிறது. ஒவ்வோர் உறுப்புக்கும் நான்கைந்து வாய்ப்புகள் என்று வைத்தாலே பல நூறு விடைகள் வரும். அவற்றில் ஏதோ ஒன்று கணக்குப் போடுகிறவரின் வாழ்நாளுக்குள் விழாமல் இருக்காது.

மில்லரின் கணக்கு, வரிவரியாக

வில்லியம் மில்லர் நியூயார்க் மாநிலத்து விவசாயி. 1812 போரில் சண்டையிட்டவர். 1816 முதல் இரண்டு ஆண்டு வேதத்தை வசனம் வசனமாகப் படித்து முடிவுக்கு வந்தார்; 1831-இல்தான் வெளியே பேசத் தொடங்கினார். மோசடிக்காரர் அல்ல, நிதானமானவர். அதனால்தான் அவருடைய கணக்கைப் பார்ப்பது பயன்.

அவர் எடுத்த வசனம் தானியேல் 8:14. இரண்டாயிரத்து முந்நூறு இராப்பகல் சென்றபின் பரிசுத்த ஸ்தலம் சுத்திகரிக்கப்படும் என்பது அதன் செய்தி.

முதல் படி, அலகு. எண்ணாகமம் 14:34-லும் எசேக்கியேல் 4:6-லும் ஒரு நாளுக்கு ஓர் ஆண்டு என்று வருகிறது. அதை வைத்து 2300 நாள் 2300 ஆண்டானது. ஆனால் அந்த இரண்டு இடங்களும் தங்களுக்குள்ளேயே "இங்கே ஒரு நாளுக்கு ஓர் ஆண்டு" என்று வெளிப்படையாகச் சொல்கின்றன. தானியேல் 8 அப்படிச் சொல்லவில்லை.

இரண்டாம் படி, தொடக்கம். தானியேல் 8-இல் தொடக்க ஆண்டே கிடையாது. மில்லர் அடுத்த அதிகாரத்துக்குப் போனார். 9:25-இல் எருசலேமைத் திரும்பக் கட்டும் கட்டளையிலிருந்து எழுபது வாரம் எண்ணப்படுகிறது. அந்தக் கட்டளை எஸ்றா 7-இல் பெர்சிய அரசன் அர்தசஷ்டா தன் ஏழாம் ஆண்டில் கொடுத்தது, அதாவது கி.மு. 457 என்று கொண்டார். ஓர் அதிகாரத்தின் எண்ணுக்கு இன்னோர் அதிகாரத்தின் தொடக்கம். கணக்கு முழுவதும் தொங்குவது இந்த ஓர் ஆணியில்தான்.

மூன்றாம் படி, கழித்தல். 2300 − 457 = 1843. கி.மு. 1-க்கு அடுத்தது கி.பி. 1, நடுவில் சுழி ஆண்டு இல்லை. அதனால் கி.மு. 457-இன் இலையுதிர்காலத்திலிருந்து 2300 முழு ஆண்டு 1844-இன் இலையுதிர்காலத்தில்தான் முடியும். மில்லர் முதலில் சொன்ன எல்லை 1843 மார்ச் 21 முதல் 1844 மார்ச் 21 வரை. அது கடந்தபின் இந்தத் திருத்தம் கைகொடுத்தது.

நான்காம் படி, ஒட்டு. சாமுவேல் ஸ்னோ என்பவர், பரிசுத்த ஸ்தலச் சுத்திகரிப்பு நடப்பது பாவநிவிர்த்தி நாளில், அதாவது ஏழாம் மாதம் பத்தாம் தேதி என்று நினைவூட்டினார். யூதர்களில் ஒரு சிறு பிரிவான கரையிம் யூதர்களின் மாதக் கணக்குப்படி அது 1844 அக்டோபர் 22. மற்ற யூதர்கள் பின்பற்றிய நாட்காட்டிப்படி அந்த ஆண்டுப் பாவநிவிர்த்தி நாள் ஒரு மாதம் முன்னதாக, செப்டம்பர் 23-இலேயே வந்துபோயிருந்தது. இரண்டு நாட்காட்டிகளில் இன்னும் கடக்காத நாளை வைத்திருந்தது ஒன்றுதான். தேர்வும் அதன்மேல்தான் விழுந்தது.

அக்டோபர் 22 இரவு பலர் விழித்திருந்தார்கள். அறுவடை செய்யாமல் வயலை விட்டவர்கள், கடையை மூடியவர்கள் அதில் உண்டு. விடிந்தது. வரலாற்றில் இதற்குப் பெரிய ஏமாற்றம் என்று பெயர்.

அந்த 2300-க்கு வேறு விளக்கம் உண்டா? தானியேல் 8-இன் காட்சியைப் பெரும்பாலான அறிஞர்கள் சிரிய அரசன் நான்காம் அந்தியோக்கஸோடு இணைக்கிறார்கள். கி.மு. 167-இல் அவன் எருசலேம் ஆலயப் பலிபீடத்தைத் தீட்டாக்கினான், கி.மு. 164 டிசம்பரில் யூதர்கள் அதை மீட்டுப் பிரதிஷ்டை செய்தார்கள். காலை, மாலை என இரண்டு நேரப் பலிகளையும் தனித்தனியே எண்ணினால் 2300 பலிகள் 1150 நாளில் அடங்கும், ஏறத்தாழ மூன்று ஆண்டு இரண்டு மாதம். நாளுக்கு நாள் பொருந்துகிறது என்று இதையும் சொல்ல முடியாது. ஆனாலும் பரிசுத்த ஸ்தலம் என்ற சொல்லுக்குப் பூமி என்று புதுப் பொருள் கொடுக்கும் தேவை இதில் இல்லை. மில்லருக்கு அந்தத் தேவை இருந்தது.

எழுபது வாரமும் 1,73,880 நாளும்

இன்றைய கடைசிக்காலப் பிரசங்கங்களின் முதுகெலும்பு இது. எழுபது "வாரம்" என்றால் 490 ஆண்டு. அதில் 69 வாரம், அதாவது 483 ஆண்டு, மேசியா வரும்வரை ஓடி முடிந்தது. பிறகு கடிகாரம் நின்றது. மீதி ஒரு வாரம்தான் இனி வரப்போகும் ஏழு ஆண்டு உபத்திரவம். இப்படித்தான் போதிக்கப்படுகிறது.

லண்டன் காவல்துறையில் உயர்பதவி வகித்த ராபர்ட் ஆண்டர்சன் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இதை நாள் கணக்காகவே காட்டினார். வெளிப்படுத்தின விசேஷம் 11-இல் 42 மாதமும் 1260 நாளும் ஒரே காலமாக வருகின்றன. அப்படியானால் மாதத்துக்கு 30 நாள், ஆண்டுக்கு 360 நாள். 483 × 360 = 1,73,880. தொடக்கம், அர்தசஷ்டாவின் இருபதாம் ஆண்டு நிசான் மாதம் (நெகேமியா 2:1), அவர் கணக்கில் கி.மு. 445 மார்ச் 14. முடிவு, இயேசு எருசலேமுக்குள் பவனி வந்த கி.பி. 32 ஏப்ரல் 6. இடையில் 476 ஆண்டு: 476 × 365 = 1,73,740. லீப் நாட்கள் 116. மார்ச் 14 முதல் ஏப்ரல் 6 வரை இரு முனையும் சேர்த்து 24. மொத்தம் 1,73,880. அச்சு அசலாக ஒத்துப்போகிறது!

இப்போது திறந்து பார்ப்போம்.

1. நெகேமியா 2:1 நிசான் மாதம் என்றுதான் சொல்கிறது. முதல் தேதி என்று சொல்லவில்லை. நாள் பிசகாத கணக்குக்குத் தொடக்க நாளே ஊகம்.
2. யூதர்கள் 360 நாள் ஆண்டை விடாமல் ஓட்டியதே இல்லை. சந்திர மாதங்கள் பருவத்தோடு பொருந்துவதற்காக 19 ஆண்டுக்கு ஏழு முறை பதின்மூன்றாம் மாதம் சேர்ப்பார்கள்.
3. சிலுவை மரணத்துக்குப் பெரும்பாலான அறிஞர்கள் சொல்வது கி.பி. 30 அல்லது 33. 32-ஐ ஏற்பவர் குறைவு.
4. இந்தச் சிக்கல் தெரிந்த ஹரால்ட் ஹோனர் என்ற அமெரிக்க இறையியலாளர் 1970-களில் தொடக்கத்தை கி.மு. 444 மார்ச் 5-க்கும் முடிவை கி.பி. 33 மார்ச் 30-க்கும் மாற்றினார். விடை? அதே 1,73,880.

நான்காவதுதான் உண்மையைக் காட்டிக்கொடுக்கிறது. இரண்டு முனையையும் ஒன்றாக நகர்த்தினாலும் விடை மாறவில்லை என்றால், அந்த எண் எந்த நாளையும் நிரூபிக்கவில்லை.

அலகு எப்படி வேண்டுமானாலும் வளையும்

ஹரால்ட் கேம்பிங் கலிபோர்னியாவில் வானொலி நடத்தியவர், படிப்பால் பொறியாளர். அவர் 2 பேதுரு 3:8-ஐ எடுத்து ஒரு நாளை ஆயிரம் ஆண்டாக்கினார். ஆதியாகமம் 7:4-இல் "இன்னும் ஏழுநாள்" என்கிறது. ஏழு நாள் ஏழாயிரம் ஆண்டு. ஜலப்பிரளயம் கி.மு. 4990 என்பது அவருடைய சொந்தக் காலவரிசை. 4990 + 2011 − 1 = 7000. இன்னொரு வழியிலும் சரிபார்த்தார்: கி.பி. 33 ஏப்ரல் 1 முதல் 2011 மே 21 வரை 7,22,500 நாள். அது (5 × 10 × 17)-இன் வர்க்கம். 5 பாவநிவாரணம், 10 முழுமை, 17 பரலோகம். எண்ணுக்குப் பொருள் கொடுத்தவரும் அவர்தான். அந்தப் பொருளை வைத்துத் தேதியை உறுதிசெய்தவரும் அவர்தான்.

மில்லருக்கு நாள் என்றால் ஆண்டு, கேம்பிங்குக்கு ஆயிரம் ஆண்டு, ஆண்டர்சனுக்கு ஆண்டு என்றால் 360 நாள். மூவரும் படித்தது ஒரே வேதம்.

1988-ஐச் சொன்னவர்களின் வழி இன்னும் எளிது. மத்தேயு 24-இல் அத்திமரம் துளிர்ப்பதும் "இந்தச் சந்ததி ஒழிந்துபோகாது" என்பதும் அடுத்தடுத்து வருகின்றன. அத்திமரம் இஸ்ரேல், துளிர்த்தது 1948, சந்ததி 40 ஆண்டு. முன்பு நாசாவில் பொறியாளராக இருந்த எட்கர் விசனன்ட் அதை அந்த ஆண்டு எக்காளப் பண்டிகையோடு ஒட்டி செப்டம்பர் 11 முதல் 13 என்றார். தவறியதும் 1989 என்றார். சந்ததிக்கு 70, 80 ஆண்டு என்று சங்கீதம் 90:10-ஐக் காட்டி இன்றும் அதே 1948-ஐ நீட்டிக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

அடையாளங்கள்: பூமி, வானம், செய்தி

நிலநடுக்கம். 7 அல்லது அதற்கு மேற்பட்ட அளவு நிலநடுக்கங்கள் 1900 முதல் சராசரியாக ஆண்டுக்குச் சுமார் 16 என்பது அமெரிக்கப் புவியியல் ஆய்வு மையத்தின் கணக்கு. சில ஆண்டில் இருபதைத் தாண்டும், சில ஆண்டில் பத்துக்குக் கீழே இறங்கும். கூடியிருப்பது நிலநடுக்கமானிகளின் எண்ணிக்கையும், அரை மணியில் கைப்பேசிக்கு வந்துசேரும் காணொளியும்.

இரத்த நிலா. 2014, 2015-இல் நான்கு முழுச் சந்திர கிரகணங்கள் பஸ்காவிலும் கூடாரப் பண்டிகையிலும் வந்தன; பெரிய பரபரப்பு. யூத மாதக் கணக்கில் பஸ்கா நிசான் 15, கூடாரப் பண்டிகை திஷ்ரி 15, இரண்டும் பௌர்ணமி. சந்திர கிரகணம் பௌர்ணமியில் மட்டுமே வரும். தொடர் நான்கு கிரகணங்கள் ஆறு ஆறு மாத இடைவெளியில் வருகின்றன. இரண்டு பண்டிகைக்கும் இடைவெளி ஆறு மாதம். ஒன்று பண்டிகையில் விழுந்தால் மற்றவையும் அங்கேயே விழும் வாய்ப்பு அதிகம். இந்த நூற்றாண்டில் மட்டும் இப்படி நான்கு முழுக் கிரகணம் அடுத்தடுத்து வரும் தொடர்கள் எட்டு.

நட்சத்திரம் விழுதல். 1833 நவம்பர் 13 விடியற்காலையில் வட அமெரிக்க வானத்தில் எரிகற்கள் மழையாகக் கொட்டின. மத்தேயு 24:29 நிறைவேறியது என்று மில்லரின் ஆட்கள் சொன்னார்கள். அது டெம்பல்–டட்டில் வால்மீன் விட்டுச்சென்ற தூசி. வால்மீன் ஏறத்தாழ 33 ஆண்டுக்கு ஒருமுறை வரும். 1866-இலும் மழை வந்தது.

கோகும் மாகோகும். எசேக்கியேல் 38-இல் வரும் மேசேக், தூபால் என்பவை மாஸ்கோவும் தோபோல்ஸ்க்கும் என்ற விளக்கம் ஒலி ஒற்றுமையை மட்டும் நம்பியது. அசீரியக் கல்வெட்டுகளில் முஷ்கி, தபால் என்ற மக்கள் இன்றைய துருக்கியின் நடுப்பகுதியில் வாழ்ந்தவர்கள். அதே அதிகாரத்தில் பெர்சியா உண்மையாகவே இருக்கிறது. ஈரான் செய்தியில் வரும்போதெல்லாம் இந்த அதிகாரம் எழுந்து வருவது அதனால்தான். ஆனால் ஐந்தாம் வசனத்தில் பெர்சியாவோடு எத்தியோப்பியரும் லீபியரும் ஒரே படையில் நிற்கிறார்கள். ஒரு பெயர் பொருந்தியதும் மற்ற இரண்டை மறப்பது இந்தத் துறையின் பழைய வழக்கம்.

இயேசுவே யுத்தங்களையும் யுத்தச் செய்திகளையும் பற்றிச் சொல்லிவிட்டு, "ஆனாலும், முடிவு உடனே வராது" என்றுதான் முடிக்கிறார் (மத்தேயு 24:6). முதல் பாதி சுவரொட்டியில் ஏறும், பின்பாதி ஏறாது.

அறுநூற்றறுபத்தாறு

வெளிப்படுத்தின விசேஷம் 13:18, மிருகத்தின் இலக்கத்தைப் புத்தியுடையவன் கணக்குப் பார்க்கட்டும், அது ஒரு மனுஷனுடைய இலக்கம் என்கிறது. எபிரெயத்திலும் கிரேக்கத்திலும் எழுத்துகளே எண்கள். பெயரைக் கூட்டி எண்ணாக்குவது அன்று எல்லாருக்கும் தெரிந்த பழக்கம். ரோமப் பேரரசன் நீரோ கைசரின் பெயரை எபிரெய எழுத்தில் "நெரோன் கேசர்" என்று எழுதினால்:

நூன் 50, ரேஷ் 200, வாவ் 6, நூன் 50, இதுவரை 306.
கோஃப் 100, சாமெக் 60, ரேஷ் 200, இது 360.
மொத்தம் 666.

சில பழைய கையெழுத்துப் படிகளில் இந்த எண் 616 என்று இருக்கிறது. இரண்டாம் நூற்றாண்டில் சபை ஆயர் இரேனியுஸே இதைக் கண்டித்து எழுதியிருக்கிறார், எகிப்தின் ஆக்ஸிரிங்கஸில் கிடைத்த பாப்பிரஸ் துண்டிலும் 616 இருக்கிறது. லத்தீன் வழக்கப்படி நெரோன் என்பதை நெரோ என்றாக்கிக் கடைசி நூனை எடுத்தால் 50 குறைந்து 616 வரும். இரண்டு எண்ணுக்கும் ஒரே பெயர் விடை தருவதால்தான் இந்த விளக்கத்துக்கு இவ்வளவு ஆதரவு. எதிர்வாதமும் உண்டு: நீரோவுக்குக் காலத்தால் இவ்வளவு அருகில் இருந்த இரேனியுஸ், தாம் தரும் பெயர்ப் பட்டியலில் நீரோவைச் சேர்க்கவே இல்லை.

பார்கோடுக்கு வருவோம். அமெரிக்காவில் 1974 ஜூன் 26-இல் ஒரு சூயிங்கம் பொட்டலத்தில் முதலில் ஸ்கேன் செய்யப்பட்ட யு.பி.சி. கோட்டில் இடது, நடு, வலது என்று நீளமான மூன்று ஜோடிக் கோடுகள் இருக்கும். வலப்பாதியில் 6 என்ற எண்ணும் இரண்டு மெல்லிய கோடுதான். அதனால் மூன்று ஆறு என்றார்கள். ஆனால் இயந்திரம் ஓர் எண்ணை ஏழு கட்டங்களாகப் படிக்கிறது. ஓரக் காவல் கோட்டுக்கு மூன்று கட்டம், நடுவில் ஐந்து. இடப்பாதியில் 6-இன் வடிவமே வேறு. ஸ்கேனருக்கு அந்தக் கோடுகள் எந்த எண்ணும் அல்ல. இங்கே தொடங்கு, இங்கே முடி என்ற குறிகள்.

பார்கோடு, கடன் அட்டை, ஆதார், கொரோனா தடுப்பூசி என்று முத்திரைக்கு ஆள் மாறிக்கொண்டே இருக்கிறது. வசனத்தின் நிபந்தனையை யாரும் வாசிப்பதில்லை: 13:15, 16-இல் முத்திரை மிருகத்தின் சொரூபத்தை வணங்குவதோடு சேர்ந்து வருகிறது. தெரியாமல், ஊசி வழியாக, வணக்கம் இல்லாமல் வாங்கிவிடக்கூடிய ஒன்றாக அந்த அதிகாரம் அதைக் காட்டவில்லை. இந்தப் பயத்தால் ஒருவர் தடுப்பூசியையோ ரேஷனையோ இழப்பது வசனத்தின் பேரில் வரும் நஷ்டமல்ல, வாசிக்காததால் வரும் நஷ்டம்.

தேதி தப்பிய பிறகு

வெளியேறும் கதவுகள் மூன்று.

1. தேதியைத் தள்ளுவது. மார்ச்சிலிருந்து அக்டோபர் (1844), 1988-லிருந்து 1989, மே 21-லிருந்து அக்டோபர் 21 (2011).
2. நடந்தது, ஆனால் கண்ணுக்குத் தெரியவில்லை என்பது. 1844-க்குப் பிறகு ஒரு பிரிவினர், சுத்திகரிக்கப்படத் தொடங்கியது பரலோகப் பரிசுத்த ஸ்தலம் என்றார்கள். அவர்களிடமிருந்தே 1863-இல் ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபை அமைந்தது. அந்தச் சபை அதன்பின் வருகைக்குத் தேதி குறிக்கவில்லை. மே 21 தப்பியபோது கேம்பிங்கும் ஆவிக்குரிய நியாயத்தீர்ப்பு நடந்துவிட்டது என்றார்.
3. தவறு என்று ஒப்புக்கொள்வது. இந்தக் கதவைத் திறப்பவர்கள் குறைவு. 2012 மார்ச்சில் கேம்பிங், தேதி குறித்தது பாவம் என்று எழுத்தில் ஒப்புக்கொண்டார். 1994-க்கும் அவர் ஒரு தேதி சொல்லித் தவறியவர் என்பதை 2011-இல் அவரைப் பின்தொடர்ந்தவர்கள் எத்தனை பேர் கேட்டார்கள்?

நஷ்டம் எப்போதும் கீழே இருப்பவர்களுக்கு. நியூயார்க்கில் ஓய்வுபெற்ற போக்குவரத்து ஊழியர் ஒருவர் மே 21-ஐ விளம்பரம் செய்யத் தம் சேமிப்பிலிருந்து 1,40,000 டாலர் செலவழித்தார். தென் கொரியாவில் 1992 அக்டோபர் 28-ஐக் குறித்த தாமி இயக்கத்தை நம்பி வேலையை விட்டவர்களும் வீட்டை விற்றவர்களும் இருந்தார்கள்.

ஒரு தேதி வந்து சேர்ந்தால் செய்ய வேண்டியவை

1. காணொளியை நிறுத்திவிட்டு நான்கு உறுப்பையும் தாளில் எழுதுங்கள்: தொடக்கம், நீளம், அலகு, ஒட்டு. ஒன்றாவது சொல்லப்படவில்லை என்றால் அது கணக்கே அல்ல. கனவு, தரிசனம் என்ற வேறு வகை. அதைக் கூட்டிக் கழித்துச் சோதிக்க முடியாது.

2. தொடக்கமும் நீளமும் ஒரே பகுதியில் இருக்கின்றனவா பாருங்கள். வெவ்வேறு புத்தகத்திலிருந்து எடுத்து ஒட்டியிருந்தால், ஏன் என்று கேளுங்கள்.

3. அதே அலகை அந்தப் புத்தகத்தின் மற்ற எண்களுக்கும் போடுங்கள். 2300 நாள் ஆண்டானால், தானியேல் 1:12-இல் மரக்கறி தின்ற பத்து நாள் பத்து ஆண்டாக வேண்டும். ஆகாது என்றால் விதி இல்லை, விருப்பம்தான்.

4. தொடக்கத்தை ஓர் ஆண்டு தள்ளிப் பாருங்கள். விளக்கம் அப்போதும் தடையின்றி ஓடினால் அது எதையும் நிரூபிக்கவில்லை.

5. அதே நபரோ இயக்கமோ முன்பு சொன்ன தேதிகளைத் தேடுங்கள். பழைய காணொளி நீக்கப்பட்டிருந்தால் அதுவே தகவல்.

6. வீட்டில் ஒருவர் நம்பிவிட்டால் கேலி வேண்டாம். கேலி அவரை அந்தக் குழுவுக்குள் இன்னும் தள்ளும். நான்கு காரியங்களில் மட்டும் உறுதியாக இருங்கள்: நிலமோ நகையோ அந்தத் தேதிக்குள் விற்கப்படக்கூடாது, கடன் தவணையும் காப்பீட்டுத் தொகையும் நிற்கக்கூடாது, இன்சுலின், இரத்த அழுத்த மாத்திரை, டயாலிசிஸ் எதுவும் நிற்கக்கூடாது, பிள்ளைகளின் தேர்வு தவறக்கூடாது. இதற்கு வசன ஆதாரம் கேட்டால் தெசலோனிக்கேயருக்கு எழுதின இரண்டாம் நிருபத்தைக் கொடுக்கலாம். கர்த்தருடைய நாள் வந்துவிட்டது என்ற செய்தியால் அங்கே ஏற்கெனவே கலக்கம் இருந்தது (2:2). அதே நிருபத்தின் கடைசி அதிகாரம், வேலைசெய்ய மனதில்லாதவன் சாப்பிடவும் கூடாது என்கிறது (3:10).

7. தேதி சொன்னவரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: அந்த நாளைத் தாண்டி முதிர்ச்சியடையும் வைப்புத்தொகை, வாடகை ஒப்பந்தம், முன்பதிவு ஏதாவது உங்கள் பெயரில் இருக்கிறதா? தாமி இயக்கத்தின் தலைவர் லீ ஜாங்-ரிம் தேதிக்கு ஒரு மாதம் முன்பு மோசடி வழக்கில் கைதானார். விசாரணையில் வெளிவந்த பத்திரங்களின் முதிர்வு 1993 மே.